நியூ ஜெர்சியின் புறநகர் ஊர்களில் கட்டுபடியாகும் வீடுகள்: கேள்வி பதில்

2025 முதல் 2035 வரையிலான பத்தாண்டுகளுக்கு ஒவ்வொரு ஊரும் எத்தனை கட்டுபடியாகும் வீடுகளுக்கு, அதாவது குறைந்த வருமானத்தினருக்கும் எட்டும் வீடுகளுக்கு, இடம் தர வேண்டும் என்ற கணக்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெளியான நாளிலிருந்து, நம்மவர் பலரும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள். ஊர்த்திட்டமிடல் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எடிசனிலிருந்து ஒருவர்: புதிதாகக் கட்டும் குடியிருப்பில் ஐந்தில் ஒரு வீட்டைக் குறைந்த விலைக்கு ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். ஊர் மக்கள் விரும்பாத ஒன்றை ஒரு டவுன்ஷிப் ஏன் ஏற்க வேண்டும்?

இந்தக் கடமை மவுன்ட் லாரல் என்ற ஊரில் பிறந்தது. பிலடெல்பியாவுக்குக் கிழக்கே, பர்லிங்டன் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் 1950இல் வாழ்ந்தவர்கள் 2,817 பேர். 1970இல் அந்த எண்ணிக்கை 11,221 ஆனது. விளைநிலங்கள் மனைகளாக மாறி, புதிய வீடுகள் வரிசை வரிசையாக எழுந்த அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்த கறுப்பினக் குடும்பங்களில் சில, கோழிக் கொட்டகையாக இருந்ததை ஒட்டுப்போட்டுத் தங்கியிருந்தன. அவர்களுக்காக 36 அடுக்குமாடி வீடுகள் கட்ட அனுமதி கேட்கப்பட்டது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் ஊரின் சோனிங் விதி தனி வீடுகளுக்கு மட்டுமே இடம் தந்ததால் அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. 1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்த மேயர், இந்த ஊரில் வாழ உங்களுக்குக் கட்டுபடியாகவில்லை என்றால் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற பொருள்படப் பேசினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எதெல் லாரன்ஸ். குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியராக இருந்தவர். தன் முன்னோர் வாழ்ந்து மறைந்த ஊரில் தன் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை வீடுகூடக் கிடைக்காது என்ற நிலையை ஏற்க மறுத்து, 1971இல் தொடுக்கப்பட்ட வழக்கில் அவர் முன்னின்றார். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம் இதுதான்: நிலத்தை வகைப்படுத்தும் அதிகாரம் ஊருக்கு மாநிலம் கொடுத்தது; அந்த அதிகாரத்தைப் பொதுநலனுக்காகவே பயன்படுத்த வேண்டும்; ஆகவே தன் வட்டாரத்தின் தேவையில் நியாயமான பங்கை ஒவ்வொரு வளரும் ஊரும் ஏற்க வேண்டும்.

'அரசு சந்தையில் தலையிடுகிறது' என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அரை ஏக்கருக்குக் குறைந்த மனையில் வீடு கட்டக்கூடாது, அடுக்குமாடி கூடாது என்று எழுதி வைத்ததும் அரசுதான். விலை உயர்ந்ததில் அந்த விதிக்கும் பங்கு உண்டு. பூட்டைப் போட்டது சட்டம் என்றால், அதைத் திறக்கும் பொறுப்பும் சட்டத்துக்கு இருக்கிறது.

சவுத் பிரன்ஸ்விக்கிலிருந்து ஒருவர்: 1975இலேயே தீர்ப்பு வந்துவிட்டது என்றால், ஐம்பது ஆண்டுகளாக ஏன் இழுபறி?

தீர்ப்பைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டே தட்டிக்கழிக்க வழி இருந்ததுதான் காரணம். மவுன்ட் லாரலே தீர்ப்புக்குப் பிறகு ஒதுக்கிக் காட்டியது வெறும் 20 ஏக்கர், ஊரின் பரப்பில் கால் சதவீதம்கூட இல்லை. அதிலும் வீடு எழுவதற்கு வாய்ப்பே இல்லாத துண்டு நிலங்கள். இதைக் கண்ட நீதிமன்றம் 1983இல் கடுமையான இரண்டாவது தீர்ப்பை வழங்கியது. கடமையைச் செய்யாத ஊரின் மீது கட்டுமான நிறுவனமே வழக்குத் தொடுத்து, கட்டுபடியாகும் வீடுகளைக் கணிசமாகச் சேர்த்துக் கட்டுவதாக ஒப்புக்கொண்டால், சோனிங் அனுமதிக்கும் அளவைவிட அடர்த்தியாகக் கட்டும் உரிமையை நீதிமன்றத்தின் வழியாகப் பெறலாம் என்றது. இதை 'பில்டர்ஸ் ரெமடி' என்பார்கள். இன்றும் ஊர்கள் அஞ்சுவது இதற்குத்தான். முறையான திட்டம் தந்து ஒப்புதல் பெற்ற ஊருக்கு இந்த வழக்குகளிலிருந்து பாதுகாப்பு உண்டு.

1985இல் சட்டம் இயற்றி, கணக்கிடுவதற்கென ஒரு மாநிலக் குழுவை அமைத்தார்கள். அந்தக் குழு பின்னாளில் செயலற்றுப் போனதால், 2015இல் உச்ச நீதிமன்றம் பொறுப்பை மீண்டும் கீழ் நீதிமன்றங்களிடம் கொடுத்தது. 2024 மார்ச்சில் வந்த புதிய சட்டம் அந்தக் குழுவையே கலைத்து, எண்ணிக்கையைக் கணக்கிடும் வேலையை மாநிலத் துறை ஒன்றிடம் ஒப்படைத்தது. அதன்படி பத்தாண்டுக்கான புதிய தேவை 84,698 வீடுகள். மான்ட்வேல் உள்ளிட்ட சில ஊர்கள் சேர்ந்து இந்தச் சட்டத்தை எதிர்த்து 2024இல் வழக்குத் தொடுத்தன.

பிளெயின்ஸ்பரோவிலிருந்து ஒருவர்: இது தமிழ்நாட்டில் நாம் பார்த்த ஹவுசிங் போர்டு வீடு மாதிரியா? வேலையில்லாதவர்களுக்கு இலவசமா?

இரண்டும் இல்லை. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலும் பாதி இதற்குக் கீழும் சம்பாதிக்கும் அளவு) 80 சதவீதத்துக்குள் சம்பாதிக்கும் குடும்பங்களே இதற்குத் தகுதியுடையவை. அவற்றுள் 50 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும், 30 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் தனித்தனி ஒதுக்கீடு இருக்கிறது. எல்லோரும் மாதாமாதம் வாடகையோ வீட்டுக்கடன் தவணையோ கட்டுகிறார்கள். மிடில்செக்ஸ், சாமர்செட், ஹன்டர்டன் மாவட்டங்கள் ஒரே வட்டாரமாகக் கணக்கிடப்படுவதாலும், அங்கே சம்பளம் அதிகம் என்பதாலும், மருத்துவமனை உதவியாளர், பள்ளியில் துணை ஆசிரியர், கடையில் பொறுப்பாளர் எனப் பலரும் இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள்.

மவுன்ட் லாரலுக்கு அருகில் வசிக்கும் ஒருவர்: முப்பது ஆண்டு சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் இது வந்தால் என் வீட்டின் மதிப்பு விழாதா?

உங்கள் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கும்போது பயம் வருவது இயல்பு. அதற்கான விடையும் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. வழக்கு தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டின் இறுதியில், 'எதெல் ஆர். லாரன்ஸ் ஹோம்ஸ்' மவுன்ட் லாரலில் திறக்கப்பட்டது. முதலில் 100 வீடுகள், பின்னர் 40. அதைக் காண எதெல் லாரன்ஸ் உயிரோடு இல்லை. அவர் 1994இலேயே காலமாகிவிட்டார். அனுமதிக்கான கூட்டங்களில் எழுந்த அச்சங்கள் நீங்கள் இன்று கேட்பவையேதான்: வீட்டு மதிப்பு, குற்றம், வரி.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவருடைய குழுவினரும் இந்த மூன்றையும், மவுன்ட் லாரலைப் போன்ற அண்டை ஊர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, குடியிருப்பு வந்ததால் மூன்றிலும் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. அங்கே குடியேறியவர்களின் வருமானம் கூடியது. பிள்ளைகளுக்குப் படிக்க அமைதியான வீடு கிடைத்தது. பக்கத்துத் தெருக்களில் விசாரித்தபோது, அப்படி ஒரு குடியிருப்பு அருகில் இருப்பதையே அறியாதவர்கள் கணிசமாக இருந்தார்கள். நானும் அங்கே சென்று பார்த்திருக்கிறேன். இரண்டு மாடி வீடுகள், வாசலில் சிறு திண்ணை, ஓரத்தில் சாய்த்து வைத்த குழந்தைகளின் மிதிவண்டி. பெயர்ப் பலகை இல்லாவிட்டால் எந்த டவுன்ஹோம் குடியிருப்பிலிருந்தும் அதை வேறுபடுத்திச் சொல்லியிருக்க மாட்டேன்.

அங்கே கட்டுமானமும் பராமரிப்பும் நன்றாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிர்வாகம் சரியில்லாத குடியிருப்பு, எந்த வருமானத்தினர் வாழ்ந்தாலும், அக்கம்பக்கத்தைப் பாதிக்கும். கூட்டத்துக்குப் போனால் பராமரிப்புக்கு யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுகளுக்குப் பொறுப்பு என்று கேளுங்கள்.

வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ஒருவர்: பள்ளிகளுக்காகத்தான் இங்கே வந்தோம். வகுப்புகள் நிரம்பி, சொத்து வரியும் ஏறினால் யார் பொறுப்பு?

வரிச்சுமை உண்மையானது. 2024இல் இந்த மாநிலத்தின் சராசரி சொத்து வரி 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. இதனால்தான் பல ஊர்கள் பிள்ளைகளையே செலவாகப் பார்க்கப் பழகின. அன்றைய மவுன்ட் லாரலில், புதிய குடியிருப்பில் வீட்டுக்கு 0.3 பள்ளிக் குழந்தைக்கு மேல் இருந்தால் கூடுதல் செலவைக் கட்டுநரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். ஒரு குழந்தையைப் பத்தில் மூன்று பங்காக எழுதிய அந்த ஆவணத்தைப் படித்தபோது எனக்கு மனம் வலித்தது. நம் பிள்ளைகளையும் இப்படி எண்ணியிருந்தால் நாம் இந்த ஊர்களுக்கு வந்திருக்க முடியுமா?

ஆனாலும் நீங்கள் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. புதிய குடியிருப்புகளுக்குச் சில ஊர்கள் 'பைலட்' எனப்படும் வரிச் சலுகை ஒப்பந்தம் தருகின்றன. கட்டடத்துக்கு வழக்கமான சொத்து வரி கிடையாது. அதற்குப் பதிலாகக் கட்டப்படும் தொகையில் 95 சதவீதம் ஊராட்சிக்கும் 5 சதவீதம் மாவட்டத்துக்கும் போகிறது. பள்ளிக்குப் பங்கு தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளைகள் வருகிறார்கள், பணம் வருவதில்லை. இதற்குக் காரணம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஊர் நிர்வாகம். குடிவரும் ஏழைக் குடும்பம் அல்ல. ஆகவே கூட்டத்தில் எழுந்து, பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நானும் உங்களோடு நிற்பேன்.

மான்ரோவிலிருந்து ஒருவர்: டிரென்டன், கேம்டன் நகரங்களில் காலி மனைகள் கிடக்கின்றனவே, அங்கே கட்டினால் என்ன?

அதையும் செய்து பார்த்தார்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டம், ஓர் ஊர் தன் பங்கில் பாதி வரை பணம் கொடுத்து வேறொரு நகரத்துக்கு மாற்றிவிட அனுமதித்தது. நகரங்களுக்கு அந்தப் பணம் பயன்பட்டதை மறுக்க மாட்டேன். ஆனால் வேலையும் நல்ல பள்ளியும் ஓரிடத்தில், ஏழைகளின் வீடு வேறிடத்தில் என்ற பிரிவினையை அது விலை கொடுத்து நிலைநிறுத்தியது. 2008இல் அந்த வழி மூடப்பட்டது. சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுவிசாரணையில் இதே யோசனையை ஒருவர் முன்வைத்தார். அடுத்து ஒலிவாங்கிக்கு முன் வந்த பெண்மணி, அந்த ஊரின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முதல் பிள்ளையை ஆறே முக்காலுக்கு ஏற்ற வேண்டும் என்பதால் தன் வீட்டில் நாலரைக்கு எழுந்துவிடுவதாகச் சொன்னார். "உங்கள் பிள்ளைகள் எந்தத் திருப்பத்தில் தூங்கிவிடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியும், இந்த ஊரில் எனக்கு ஒரு வீடு கேட்கிறேன்" என்றார். யோசனையை முன்வைத்தவரின் மகளும் அந்தப் பேருந்தில் போகிறவள்தான். அதன் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

எடிசனிலிருந்து இன்னொருவர்: என் தாயாரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தினமும் இரண்டு பேருந்து மாறி வருகிறார். அவர் எப்படி விண்ணப்பிப்பது?

மாநிலத்தின் வீட்டுவசதி நிதி அமைப்பு நடத்தும் 'நியூ ஜெர்சி ஹவுசிங் ரிசோர்ஸ் சென்டர்' தளத்தில் காலியிடங்கள் பட்டியலிடப்படுகின்றன. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு நிர்வாக முகவர் இருப்பார்; அவரிடம் பெயர் கொடுத்தால் குலுக்கல் முறையில் வரிசை எண் கிடைக்கும். அதே ஊரில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கோ வேலை செய்பவர்களுக்கோ முன்னுரிமை இருக்கலாம். ஆகவே உங்கள் வீட்டில் வேலை செய்வதற்கான சான்றைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். ஒரே குடியிருப்போடு நிறுத்தாமல் வட்டாரம் முழுவதும் பதிவு செய்யச் சொல்லுங்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். தொலைபேசி எண்ணோ முகவரியோ மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். வரி ஆவணங்களும் சம்பளச் சீட்டுகளும் எப்போதும் ஒரே உறையில் தயாராக இருக்கட்டும். அழைப்பு வந்தபின் பதில் தர மிகச் சில நாட்களே கொடுப்பார்கள்.