டிஸ்க் கடை பதில்கள்: நவம்பர் வரை கோபத்தை எங்கே வைப்பது?

(பெங்களூரு சிவாஜிநகரில் நெடுங்காலம் வீடியோ கேம் டிஸ்க் கடை நடத்தியவர் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற வீடியோ கேமின் ஆறாம் பாகத்தைப் பற்றியவை.)

கேள்வி: அண்ணா, ஜி.டி.ஏ. ஐந்தாம் பாகம் வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. இப்போது இன்ஜினீயரிங் படிக்கிறேன். ஆறாம் பாகம் 2025-ல் வரும் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். அதையும் மாற்றி நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். ரசிகர்களை வைத்து விளையாடுகிறார்களா? கோபம் கோபமாக வருகிறது.
– கே., அல்சூர்

பதில்: கோபப்படுங்கள் தம்பி, நியாயம்தான். ஆனால் தள்ளிவைத்ததற்காகக் கோபப்படாதீர்கள். முடியாத வேலைக்கு முந்திக்கொண்டு தேதி சொன்னார்களே, அதற்காகக் கோபப்படுங்கள். செய்தவர்கள் ஒரே ஆட்கள்தான், குற்றம் வேறு.

ஐந்தாம் பாகத்தின் கதையும் இதுதான். 2013 வசந்த காலத்தில் வரும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு செப்டம்பர் 17 என்று மாற்றினார்கள். என் கடையில் அப்போது அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் கொடுத்த முன்பணம். தேதி மாறிய செய்தி வந்ததும் பையன்கள் வரிசையாக வந்து, நான்தான் கேமைப் பரணில் ஒளித்து வைத்திருப்பதுபோல் என்னை முறைத்தார்கள். சிலர் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பரில் அதே ஆட்கள் மறுபடி வந்தார்கள். ஒருவன் கடையிலேயே உறையைக் கிழித்து, டிஸ்கை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்தான். லாஸ் சாண்டோஸ் நகரம். மடிப்புகளை உள்ளங்கையால் நீவிவிட்டு, கடற்கரைச் சாலை நெடுகவும் விரலை ஓட்டிக்கொண்டே போனான். பின்னால் நின்றவர்கள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பில் எழுத இடமில்லை. வசந்த காலத்தில் ஏன் வரவில்லை என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேம் இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

தள்ளிவைக்க வேண்டியதைத் தள்ளிவைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. சைபர்பங்க் 2077 கேமை 2012-லேயே அறிவித்தார்கள். 2020 ஏப்ரல், பிறகு செப்டம்பர், பிறகு நவம்பர் என்று மூன்று தேதிகள் சொல்லி, மூன்றையும் மாற்றினார்கள். நான்காவது முறையும் மாற்ற மனம் வராமல் டிசம்பர் 10 அன்று வெளியிட்டுவிட்டார்கள். நல்ல கணினி வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4 (சோனியின் கேம் பெட்டி) வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஓடும்போதே நின்றுவிடும், முகங்கள் களிமண்ணாகத் தெரியும். வெளியான சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2021 ஜூன் மாதம்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது.

கடைசி மாதங்களில் பெரும்பாலும் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. கார் கதவு தரைக்குள் புதைகிறதா, மழைக் காட்சியில் திரை உறைகிறதா என்று சோதித்துச் சோதித்துத் திருத்துவதுதான் வேலை. ஒன்றைச் சரிசெய்தால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று கெடும். எல்லாம் முடிந்தபிறகு, கேம் பெட்டிகளை விற்கும் சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் பங்குக்குச் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். இவ்வளவும் தெரிந்த நிறுவனம் தேதியை வாய்விட்டுச் சொல்வதற்குக் காரணம் பங்குச்சந்தை. முதலீட்டாளர்களுக்கு ஒரு தேதி வேண்டும். உங்கள் கோபத்தை அங்கே கொண்டுபோய் இறக்கிவையுங்கள்.

கேள்வி: முன்பதிவு தொடங்கிய நிமிடமே பணம் கட்டிவிடலாமா?
– ஆர்., ஜாலஹள்ளி

பதில்: எதற்கு? என் கடையில் முன்பதிவுக்கு அர்த்தம் இருந்தது. இத்தனை டிஸ்க்தான் வரும், முந்தியவனுக்குத்தான் கிடைக்கும். பதிவிறக்கம் செய்யும் கேம் என்றைக்காவது தீர்ந்துபோய்க் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் கடையில் அப்படி இல்லை. பதிவிறக்கம் தொடங்கிவிட்டால், கேமில் பழுது இருந்தாலொழியப் பணம் திரும்பாது. முன்பதிவு செய்த கேமை, பிளேஸ்டேஷன் பெட்டி வெளியீட்டுக்கு முன்பே தானாகவே பதிவிறக்கிக்கொள்ளும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை போய்விடும். முன்பதிவு செய்தே தீருவேன் என்றால், அந்தத் தானியங்கி வசதியையாவது அணைத்து வையுங்கள். ஆறாம் பாகம் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். கணினிக்காரர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். ஐந்தாம் பாகம் கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. 2023 டிசம்பரில் முதல் ட்ரெய்லர் வந்தபோது விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தான். பரீட்சைக்குக்கூட அவன் அப்படி எழுந்ததில்லை. இப்போது ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கார் நம்பர் பலகைகளையெல்லாம் நோட்டில் எழுதுகிறான். இது நோயா?
– ஒரு தாய், ஸ்ரீராமபுரம்

பதில்: நோய் இல்லை சகோதரி. அவனைப்போல் உலகம் முழுக்கப் பெரிய கூட்டமே இருக்கிறது. அந்த ட்ரெய்லர் முன்கூட்டியே கசிந்துவிட்டதால், சொன்ன நேரத்துக்குப் பல மணி நேரம் முன்னதாக அவசர அவசரமாக வெளியிட்டார்கள். அப்போது நமக்கு விடிகாலை. அந்த நேரத்தில் விழித்திருந்தான் என்றால் பையன் செய்தியைச் சரியாகப் பின்தொடர்ந்திருக்கிறான்!

இரண்டாவது ட்ரெய்லருக்காக 2024-ல் சிலர் நிறுவனத்தின் விளம்பரப் படங்களில் இருந்த நிலாவின் பிறையைக் கணக்கிட்டுத் தேதி குறித்தார்கள். நம் ஊர் பஞ்சாங்கக்காரர்கள் தோற்றார்கள் போங்கள். குறித்த நாள் வந்தது, ட்ரெய்லர் வரவில்லை. 2025 மே 6 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது தானாக வந்து இறங்கியது. வேறு சிலர் ட்ரெய்லரில் தெரியும் கட்டடங்களையும் பாலங்களையும் வைத்துக் கோணம் பார்த்து, லியோனிடா என்ற அந்தக் கற்பனை மாநிலத்துக்கு வரைபடமே போட்டுவிட்டார்கள். உங்கள் மகனின் நோட்டு அந்த வகை. வாங்கிப் பாருங்கள், கோணமானி பிடித்திருப்பான்.

கேமைக் கையில் கொடுப்பது வேறு விஷயம். ஐந்தாம் பாகத்துக்கு ஐரோப்பாவில் 18 வயது முத்திரை குத்தியிருந்தார்கள். ஆறாம் பாகத்தின் நாயகர்களான ஜேசனும் லூசியாவும் கோயில் குளம் சுற்றப் போவதில்லை. கொள்ளையடிக்கப் போகிறார்கள். “உனக்கு வயது வரட்டும்” என்று நீங்கள் மறுக்கலாம். நான் கடையில் பல பையன்களிடம் மறுத்திருக்கிறேன், அப்பாவை அழைத்து வந்து வாங்கிப்போனார்கள். ஆனால் நோட்டைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: இந்தக் கேமை உருவாக்கும் நிறுவனத்தின் கிளை நம் பெங்களூரிலேயே இருக்கிறதாமே? என் சித்தப்பா மகன் அங்கே வேலை செய்கிறான். ஒரு வார்த்தை கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.
– எம்., மர்ஃபி டவுன்

பதில்: கிளை இருப்பது உண்மை. ஜி.டி.ஏ.-வை உருவாக்கும் ராக்ஸ்டாரின் இந்தியக் கிளை இங்கேதான் இருக்கிறது. 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தையும் 2019-ல் வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் கைவண்ணமும் அதில் இருக்கும் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அதற்காகத் தம்பியைச் சோற்றுத் தட்டின் முன் உட்காரவைத்துக் குடையாதீர்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவன் உள்ளே நுழைந்திருப்பான். 2022 செப்டம்பரில் அந்த நிறுவனத்துக்குள் இணையவழியில் புகுந்து, அரைகுறைக் கேமின் 90 வீடியோத் துண்டுகளை ஒருவர் வெளியே விட்டார். பார்த்தவர்கள் “இதுதானா?” என்று உதட்டைப் பிதுக்கினார்கள். பூச்சு முடியாத வீடு வேறு எப்படி இருக்கும்? செய்தவர் இங்கிலாந்துப் பையன். 2023 டிசம்பரில் அவரைக் காலவரையறை இல்லாமல் மருத்துவமனைக் காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் தம்பி வாயை மூடிக்கொண்டிருப்பதே குடும்பத்துக்கு நல்லது.

கேள்வி: நீண்ட நாள் காத்திருந்து, ஏமாறாமல் கிடைத்த கேம் ஏதாவது உண்டா?
– ஜே., விவேக்நகர்

பதில்: சில்க்சாங். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்ற சின்னஞ்சிறு குழு செய்தது. 2019 பிப்ரவரியில் அறிவித்து, 2025 செப்டம்பர் 4-ல் வெளியிட்டார்கள். இரண்டே வாரம் முன்னால்தான் தேதியைச் சொன்னார்கள். முந்திக்கொண்டு தேதி சொல்வதுதான் குற்றம் என்று முதல் பதிலில் சொன்னேனே, அதை இவர்கள் செய்யவில்லை. வெளியான நேரத்தில் வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் உட்பட இணையக் கடைகள் திணறிவிட்டன. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, செய்வதே மகிழ்ச்சியாக இருந்தது, அதனால் நாள் ஆகிவிட்டது என்றார்கள். இருபது டாலர் கேம். நன்றாகவும் இருக்கிறது, பயங்கரக் கஷ்டமாகவும் இருக்கிறது.

எதிர்முனையும் உண்டு. டியூக் நியூகெம் ஃபாரெவர், 1997-ல் அறிவித்து 2011-ல் வந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத இடத்தை வீணாக்க மாட்டேன்.

கேள்வி: நவம்பர் 19 வியாழக்கிழமை. ஐ.டி. கம்பெனியில் வேலை. எந்த நாளுக்கு விடுப்பு கேட்கட்டும்?
– வி., மாரத்தஹள்ளி

பதில்: வெள்ளிக்கிழமைக்கு. வியாழன் முழுக்கப் பதிவிறக்கமும் திருத்தக் கோப்பும்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதை உட்கார்ந்து பார்க்க விடுப்பு எதற்கு? தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஊருக்குப் போகிறேன் என்று அப்போதே விடுப்பை எல்லாம் கரைத்துவிடாதீர்கள். யு.பி.எஸ். பேட்டரியை முன்கூட்டியே மாற்றிவையுங்கள். முக்கியமாக, காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் மேலாளருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருந்தால், அன்றைக்கு அவருக்கும் காய்ச்சலாக இருக்கும்.