பழைய கேமராவை விற்கலாமா, புதியதன் விலை இறங்கக் காத்திருக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என்னிடம் பத்தாண்டு பழைய கேனன் டிஎஸ்எல்ஆரும் இரண்டு லென்ஸும் உள்ளன. கேமரா வியாபாரமே படுத்துவிட்டது என்கிறார்கள். விலை இறங்கியதும் மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆரில் இருப்பதுபோல் உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வாங்கலாமா? பழையதை விற்றுவிடலாமா?"

விலை இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். படுத்தது எண்ணிக்கைதான். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி, 2010இல் சந்தைக்கு வந்தவை சுமார் 121 மில்லியன். 2023இல் வெறும் 7.7 மில்லியன். ஆனால் அந்த 121இல் பத்துக்கு ஒன்பது சின்ன காம்பேக்ட் கேமராக்கள். அவற்றின் வேலையைக் கைப்பேசி பறித்துக்கொண்டது. தாக்குப்பிடித்த கம்பெனிகள் கொஞ்சமாகச் செய்து, விலை கூடிய மிரர்லெஸ்ஸாக விற்கின்றன. 2024இல் எண்ணிக்கை 8.5 மில்லியனை ஒட்டி ஏறியது, வரும்படி அதைவிட வேகமாக ஏறியது. இப்படி இருக்கும்போது எவன் விலையைக் குறைப்பான்?

உங்கள் டிஎஸ்எல்ஆர் கதை வேறு. 2020இலேயே மிரர்லெஸ் எண்ணிக்கையில் அதை முந்திவிட்டது. பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமரா) மதிப்பு இனி இறங்குமுகம்தான், விற்பதென்றால் தள்ளிப்போடாதீர்கள். லென்ஸை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம். டிஎஸ்எல்ஆருக்கான கேனனின் இஎஃப் லென்ஸ்கள் ஓர் அடாப்டர் போட்டால் புதிய ஆர்எஃப் மிரர்லெஸ்ஸிலும் வேலை செய்யும். கேமராவோடு வந்த சாதாரண 18-55 லென்ஸ் என்றால் பெரிதாக ஒன்றும் தேறாது, அதைப் பாடியோடு சேர்த்தே தள்ளிவிடலாம்.

கடைக்குப் போகுமுன் ஒரு வேலை. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல மெல்லிய இழை ஓடினால் அது பூஞ்சை. நம்மூர் ஈரக்காற்றில் அலமாரியிலேயே கிடந்த லென்ஸுக்கு இது சகஜம். கேமராக் கடைகள் நிறைந்த பெனின்சுலா பக்கத்துக் கடைக்காரரும் முதலில் டார்ச்சைத்தான் எடுப்பார். அப்புறம்தான் விலை பேசுவார்.

மிரர்லெஸ்ஸைப் பழையதாக வாங்குவதாக இருந்தால், தனிநபரைவிடக் கடையே மேல் என்பேன். பொருள் பழுதாக இருந்தால் விற்றவரே சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும் என்கிற 'லெமன் சட்டம்' கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் உண்டு, தனிநபர் விற்றதற்குக் கிடையாது. சில நூறு வெள்ளி கூடப் போனாலும் பரவாயில்லை.

அப்படியே மேசை இழுப்பறையையும் துழாவுங்கள். பழைய காம்பேக்ட் ஏதாவது கிடந்தால் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள். இளவட்டங்கள் இப்போது அதைத்தான் தேடி அலைகிறார்கள்.