வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா? கேள்வி பதில்

கேள்வி: துபாய் கோர்ட்டில் பணம் தரச்சொல்லித் தீர்ப்பு வாங்கியாச்சு. பிரதிவாதியின் வீடு கோவையில். இங்கே மறுபடி வழக்குப் போடணுமா சார்?

பதில்: வேண்டாம். 2020 ஜனவரி 17 அறிவிக்கைக்குப் பிறகு அமீரகத் தீர்ப்புகளை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவில் நேராக நிறைவேற்றலாம். கோவை மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலோடு, இதுவரை எவ்வளவு வசூலானது என்று துபாய் கோர்ட்டே தரும் சான்றிதழும் வேண்டும். இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிட்டு வருகிறார்கள்.

கேள்வி: அவர் அங்கே ஆஜராகவே இல்லை. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. பரவாயில்லையா?

பதில்: சறுக்குவது இங்கேதான். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாமல் போக, அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு ஆறு காரணங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று, வழக்கின் சாரத்தைப் பார்த்துத் தீர்க்காத தீர்ப்பு. எக்ஸ்பார்ட்டி என்பதாலேயே தீர்ப்பு விழாது. ஆனால் சாட்சியத்தைப் பார்த்ததற்கு அடையாளமே இல்லாத இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்றை, இன்டர்நேஷனல் உல்லன் மில்ஸ் வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் நிறைவேற்ற மறுத்தது. எதிராளி வராவிட்டாலும் ஆவணங்களைத் தாக்கல் செய்து, காரணம் எழுதிய தீர்ப்பாக வாங்குங்கள். சம்மன் சேர்ந்த சான்றும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: அமெரிக்கத் தீர்ப்பு என்றால்?

பதில்: 44-ஏ பிரிவுக்காக அரசு அறிவித்த நாடுகளின் பட்டியலில் அமீரகம் உண்டு, அமெரிக்கா இல்லை. தீர்ப்பையே ஆதாரமாக வைத்து, அதன் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் இங்கே புது வழக்குப் போட வேண்டும். பட்டியல் நாடு என்றாலும் அசட்டையாக இருக்காதீர்கள். 1995 லண்டன் தீர்ப்பை 2009இல் எடுத்துவந்த வங்கிக்கு, இங்கிலாந்தின் 6 ஆண்டுக் கெடுதான் பொருந்தும் என்றது 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மனு போச்சு.

கேள்வி: கல்யாணம் மதுரையில், இந்து முறைப்படி. கணவர் அமெரிக்காவில் விவாகரத்து வாங்கிவிட்டார். என் தங்கை அந்த வழக்குக்கே போகவில்லை.

பதில்: பெரும்பாலும் இங்கே செல்லாது. நரசிம்ம ராவ் வழக்கு (1991) கிட்டத்தட்ட இதேதான்: திருப்பதியில் கல்யாணம், மிசௌரியில் விவாகரத்து. 90 நாள் வசிப்பைக் காட்டி, இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லாத 'மீளமுடியாத முறிவு' என்ற காரணத்தில் கணவர் வாங்கியது. அது இங்கே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நிலைமை மாறுவது, உங்கள் தங்கை அந்த விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தால். அல்லது நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் மேல் அங்கே தானே போய் வழக்காடியிருந்தால். அல்லது அவர் அங்கேயே நிரந்தரமாக வசித்து, அப்படிப்பட்ட காரணத்தின் மேலேயே விவாகரத்து தரப்பட்டிருந்தால்.

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவன். இரண்டு நாடு சம்பந்தப்பட்ட வழக்கு பரீட்சையில் வந்தால் எங்கே தொடங்குவது சார்?

பதில்: எந்த நாட்டுச் சட்டம் என்று பாயாதீர்கள். இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா, தகராறு ஒப்பந்தமா வாரிசுரிமையா என்று முதலில் தீர்மானியுங்கள். வாரிசுரிமை என்றால், அசையாச் சொத்துக்கு அது இருக்கும் நாட்டுச் சட்டம். அசையும் சொத்துக்கு இறந்தவரின் டொமிசைல், அதாவது அவர் நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட நாட்டின் சட்டம். இதற்கு 1925 வாரிசுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவை எழுதும்போது 4ஆம் பிரிவையும் ஒருதரம் படியுங்கள்: இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் 5ஆம் பிரிவு அடங்கிய பகுதி பொருந்தாது. மார்க் போவது அங்கேதான்.