கேமரா இல்லாத கவுண்டரில் என்ன நடக்கும்?

இந்த இதழுக்கு நம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து அடகுக்கடை பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். டிவியில் தொடங்கி வீட்டு நகையில் வந்து முடிகிற கேள்விகள், அதனால் சேர்த்துப் படித்தால்தான் நல்லது.

அண்ணா, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் 'பான் ஸ்டார்ஸ்' என்ற அமெரிக்க அடகுக்கடை நிகழ்ச்சி ஓடும். என் வீட்டுக்காரருக்கு அது உயிர். மகனோ "எல்லாம் நடிப்பு, முன்னாடியே பேசி வைத்தது" என்கிறான். தினமும் இதே வாக்குவாதம். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, பீனிக்ஸ்

தங்கச்சி, மகன் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டுக்காரர் ரசிப்பதும் முழுப் பொய் இல்லை. கடை நிஜம். லாஸ் வேகஸில் ரிச்சர்ட் ஹாரிசனும் மகன் ரிக்கும் 1989-இல் தொடங்கிய 'கோல்ட் அண்ட் சில்வர் பான் ஷாப்' அது, 2009 ஜூலையில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு இருபது வருடம் முன்பிருந்தே அங்கே வியாபாரம் நடக்கிறது. தாத்தா, அப்பா, மகன் கோரி மூவரும் உண்மையிலேயே ஒரே குடும்பம், நடிக்க ஆள் பிடிக்கவில்லை (பெரியவர் ரிச்சர்ட் 2018-இல் காலமாகிவிட்டார்). வருகிற பொருள்களும் பெரும்பாலும் நிஜமானவைதான். அந்தப் பொருளும் அதைக் கொண்டுவருகிற ஆளும் கேமரா முன்னால் வந்து நிற்பதில்தான் ஏற்பாடு இருக்கிறது.

அடுத்த தடவை பார்க்கும்போது கேமராக்களை மட்டும் கவனியுங்கள். ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார், அதை வெளியிலிருந்தும் காட்டுகிறார்கள், உள்ளிருந்தும் காட்டுகிறார்கள், பையிலிருந்து பழைய வாளை எடுக்கும்போது லென்ஸ் ஏற்கெனவே அந்தப் பைக்குப் பக்கத்தில் காத்திருக்கிறது. பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் அப்படிப் படம் எடுக்க முடியாது. பொருள் வைத்திருப்பவர் முன்கூட்டியே தயாரிப்பாளர்களைத் தொடர்பு கொள்கிறார், அவர்கள் கதை உள்ள பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதன் வரலாற்றைத் தேடி வைத்துக்கொள்கிறார்கள், அப்புறம்தான் நாள் குறித்துக் கூப்பிடுகிறார்கள். படம் எடுக்கும் நேரத்தில் கடையைப் பொதுவாக மூடிவிட்டு விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை மட்டும் உள்ளே விடுகிறார்கள். நிகழ்ச்சிக்கு முன்பு நாளுக்கு 70 முதல் 100 பேர் வந்த கடைக்கு 2010 அக்டோபர் வாக்கிலேயே 700 பேருக்கு மேல் வரத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பேரத்தை நிம்மதியாகப் படம் எடுக்க வழியே இல்லை. கடை ஊழியர் சம்லீயை எதற்காவது அனுப்பி அவர் சொதப்பிவிட்டு வருகிற காட்சிகள் எழுதி எடுத்தவை என்பதைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

பேரம் மட்டும் கொஞ்சம் வேறு. எதிரே நிற்பவர் எந்த விலைக்கு இறங்குவார், எந்த இடத்தில் பொருளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார் என்பதை முழுதாக எழுதிவைக்க முடியாது, அந்த முகங்களில் தெரிகிற ஏமாற்றம் பல நேரம் நிஜமாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் நீளமான பேச்சை ஒன்றிரண்டு நிமிடமாக வெட்டும்போது எந்தச் சொல்லுக்கு எந்த முகத்தைக் காட்டுவது என்பது எடிட்டர் கையில் இருக்கிறது.

இதெல்லாம் டிவிக்காரர்களின் வழக்கமான வேலை, இதற்காக நான் பெரிதாகக் கோபப்பட மாட்டேன். எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு விஷயத்தில். அந்த நிகழ்ச்சியில் யாராவது அடகு வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? "அடகா, விற்பனையா?" என்று கேட்கிறார்கள், அநேகமாக எல்லாரும் "விற்கத்தான்" என்கிறார்கள், வாங்கிக்கொண்டு சிரித்தபடி போய்விடுகிறார்கள். அடகுக்கடையின் அன்றாடப் பிழைப்பு கடன் கொடுப்பது. மாசக் கடைசியில் கரண்ட் பில்லுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் வழியில்லாமல் வருகிற பெண், டிரில்லை வைத்துப் பணம் வாங்கிச் சம்பள நாளில் மீட்கிற தச்சர், இவர்கள்தான் கடைக்கு நிரந்தர வாடிக்கை. அவர்கள் திரையில் இல்லாததற்குக் காரணமும் உண்டு: அடகு வைக்க வருபவர் யார் என்பது ரகசியமாக இருக்க வேண்டும் என்று அந்தக் கடை இருக்கிற நெவாடா மாநிலத்தில் விதி இருக்கிறது, ஹாரிசன் குடும்பத்தார் பிற்பாடு கவுண்டரில் நிற்பதை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, கேமராவில் வர சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டுமே நமக்குத் தெரிகிறார்கள். இதே அச்சில் பிரிட்டனில், ஆஸ்திரேலியாவில், நம் தென்னாப்பிரிக்காவிலும்கூட எடுத்தார்கள், எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது பொருளின் கதைதான். வட்டி, தவணை, மூழ்கிப் போன நகை என்று பேச்சே எழாது. நடித்துக் காட்டியதைவிட இப்படிக் காட்டாமல் விட்டதுதான் நம் ஜனங்களை அதிகமாக ஏமாற்றுகிறது. மகனிடம் இதைச் சொல்லுங்கள், அப்பாவிடமும் சொல்லுங்கள்.

'ஸ்டோரேஜ் வார்ஸ்' நிகழ்ச்சியிலும் பொருளை அவர்களே ஒளித்து வைத்தார்கள் என்று கேஸ் நடந்ததாமே? மக்களை ஏமாற்றுவது சட்டப்படி குற்றம் இல்லையா?
— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

கேஸ் நடந்தது உண்மை. வாடகை பாக்கி விழுந்த கிடங்கு அறைகளை ஏலம் எடுக்கிற நிகழ்ச்சி அது, 2010 டிசம்பரில் தொடங்கியது. அதில் "யூப்!" என்று கத்தி ஏலம் கேட்பாரே டேவ் ஹெஸ்டர், அவரேதான் 2012 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனார். தயாரிப்பாளர்கள் அறைகளுக்குள் விலையுயர்ந்த பொருள்களை முன்கூட்டியே வைக்கிறார்கள், ஒரு தடவை குப்பைக்கு அடியில் பிஎம்டபிள்யூ மினி காரையே வைத்தார்கள், அதை எதிர்த்துப் பேசியதால் என்னை நீக்கிவிட்டார்கள் என்பது அவர் புகார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் வைத்தார்களா இல்லையா என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவே இல்லை. 2013-இல் வழக்கின் ஒரு பகுதி தள்ளுபடியானது, நிகழ்ச்சி என்பது பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வருகிற படைப்பு என்ற அடிப்படையில். மிச்சம் 2014-இல் சமரசத்தில் முடிந்தது, அவரும் பிறகு நிகழ்ச்சிக்குத் திரும்பி வந்தார்.

குற்றமா என்று கேட்டீர்கள். 1950-களில் அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' என்ற வினாடி வினா நிகழ்ச்சி பெரும் ஊழலில் சிக்கியது, சார்ல்ஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியருக்கு விடைகளை முன்பே கொடுத்து, எதிரே இருந்த ஹெர்ப் ஸ்டெம்பலைத் தெரிந்த விடையையே தப்பாகச் சொல்ல வைத்தார்கள், நாடே அதை நிஜப் போட்டி என்று நம்பிப் பார்த்தது. 1959-இல் வான் டோரன் நாடாளுமன்றக் குழு முன்னால் ஒப்புக்கொண்டார், 1960-இல் போட்டியை இப்படி முன்பே ஏற்பாடு செய்வதைத் தடுக்கிற சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் அறிவுப் போட்டிக்கும் அதிர்ஷ்டப் போட்டிக்கும் மட்டும். கடையில் பேரம் பேசுவது போட்டி இல்லை, பரிசும் இல்லை. அந்த இடைவெளியில்தான் இத்தனை நிகழ்ச்சிகளும் வண்டி ஓட்டுகின்றன. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, குறைந்தபட்சம் "சில காட்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டவை" என்று தொடக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடச் சொல்லலாம்.

விலை தெரியாத பொருள் வந்தால் உடனே ஒரு நிபுணரைக் கூப்பிடுகிறார்களே, நம் ஊர்க் கடைகளில் அப்படி உண்டா?
— ஒரு கல்லூரி மாணவி, லெனேசியா

கிடையாது, மகளே. அந்த நிபுணர்கள் நிஜமானவர்கள், தொப்பியும் தாடியுமாக வருவாரே மார்க் ஹால்-பேட்டன், அவர் அந்த மாவட்டத்து அருங்காட்சியகங்களின் நிர்வாகியாக இருந்தவர். ஆனால் அவர் வருகிற நேரம் முன்பே குறித்தது. நம் கடையில் தனக்குத் தெரியாத பொருள் என்றால் கடைக்காரர் வேண்டாம் என்பார், இல்லையென்றால் உலோகத்தின் எடைக்கு மட்டும் விலை சொல்வார். நிபுணரை நாம்தான் தேடிப் போக வேண்டும், அதுவும் கடைக்குப் போவதற்கு முன்னால்.

தம்பி, என் மாமியாரின் பழைய காசுமாலை ஒன்று வீட்டில் இருக்கிறது, தங்கப் பவுன் காசுகள் கோத்தது. டிவியில் பேரம் பேசுவதைப் பார்த்துவிட்டு என் மருமகன் அதை அடகுக்கடைக்கு எடுத்துப்போய் நல்ல விலை பேசி வருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு தாய், மெரேபாங்க்

அம்மா, இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில், அதாவது இப்போதைய டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட்டில், நகைக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நெடுநாள் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நம் பாட்டிமார் கழுத்தில் போட்டிருந்த இந்த மாலைகள் அவசரத்தில் போய்விட்டால் திரும்ப வராது.

முதலில் காசைப் பாருங்கள். முழுப் பவுன் என்றால் ஒன்று 7.98 கிராம், 22 காரட், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். பிரிட்டிஷ் ராஜா ராணி தலை போட்ட காசானால் பின்புறம், குதிரைக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். 'எஸ்ஏ' என்ற எழுத்து இருந்தால் அது நம் பிரிட்டோரியாவில் 1923-க்கும் 1932-க்கும் இடையில் அடித்தது. தாடி வைத்த க்ரூகர் தலை இருந்தால் அது அவர் அதிபராக இருந்த பழைய டிரான்ஸ்வால் குடியரசு 1892 முதல் 1900 வரை வெளியிட்ட பொன் காசு. அதிலும் 1892-இல் பெர்லினில் அடித்து வந்த முதல் தொகுதியில், பின்புறச் சின்னத்தில் இருக்கிற வண்டிக்கு ஒரு ஏர்க்கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுவிட்டார்கள், அந்தத் தவறான காசுகளைச் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். சில வருடத்துக் காசுகளுக்குத் தங்க விலையைவிட மேலே கிடைக்கும். ஒரு சங்கடம், மாலையாகக் கோக்கும்போது காசில் காது பற்றவைத்திருந்தால் சேகரிப்பு மதிப்பு பெரும்பாலும் போய்விடும், தங்கத்தின் மதிப்புதான் நிற்கும். கொக்கி போட்டுப் பிடித்த வளையமாக இருந்தால் காசுக்குச் சேதம் இருக்காது. பழைய அழுக்கைத் தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் வேண்டாம், அம்மா, தயவுசெய்து.

அப்புறம் பழங்காசு வியாபாரி ஒருவரிடம் காட்டுங்கள், மறுநாள் இன்னொருவரிடமும். கடைசியாகத்தான் அடகுக்கடை, அதுவும் விற்கவே வேண்டும் என்றால். அங்கே கவுண்டரில் இருப்பவர் எடை போடுவார், மாற்று பார்ப்பார், அன்றைய தங்க விலையில் ஒரு பங்கு சொல்வார், மாலையின் கதையைக் கேட்க அவருக்கு நேரம் இருக்காது. செய்கூலி கிடைக்காது, கல்லுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. இந்த ஊரில் அன்றாடம் வருவது 9 காரட் நகை, அதில் தங்கம் 37.5 சதவீதம்தான், நம் பழைய நகைகள் 22 காரட், 91.6 சதவீதம். இந்த வித்தியாசம் தெரியாத கவுண்டரில் நிறத்தைப் பார்த்தே விலை சொல்லிவிடலாம், அதனால் உங்கள் கண்ணெதிரே உரசிப் பார்க்கவோ மெஷினில் வைத்துப் பார்க்கவோ சொல்லுங்கள், எடையையும் நீங்களே படியுங்கள். அடையாள அட்டை கேட்டால் மருமகன் கோபப்பட வேண்டாம், பழைய பொருள் வாங்குகிற கடைகள் போலீஸில் பதிவு செய்து, விற்றவர் விவரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாங்கிய பொருளை 7 நாள் வரை அவர்கள் உருக்கவோ விற்கவோ கூடாது.

அண்ணா, அவசரமாகப் பணம் வேண்டும், மனைவியின் வளையலை அடகு வைக்கப் போகிறேன். விற்க மனசில்லை. எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?
— ஒரு வாசகர், வெருலம்

தம்பி, டிவி கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கையெழுத்துப் போடும் தாள் கடன் ஒப்பந்தமா, விற்பனைச் சீட்டா என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் "எங்களுக்கு விற்றுவிடுங்கள், பிறகு நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதித் தருகிறார்கள். அப்படிப் போட்டால் பொருள் அன்றைக்கே அவர்களுடையதாகிவிட்டது என்று வாதாட வழி கொடுக்கிறோம், கடனாளிக்குச் சட்டம் தருகிற காப்பை நாமே கைவிடுகிறோம். அந்தத் தாளை வாங்காமல் வேறு கடைக்குப் போங்கள்.

முறையான அடகு என்றால் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்துக்குள் வரும். வாங்கும் தொகை, வட்டி, மற்றக் கட்டணங்கள், கடைசித் தேதி எல்லாம் எழுத்தில் வேண்டும். மொத்தமாக எவ்வளவு கட்டினால் வளையல் கைக்கு வரும் என்று ஒரே தொகையாகச் சொல்லச் சொல்லுங்கள், மாச வட்டியை மட்டும் கேட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். கெடு முடிகிற வரைக்கும் நகை கடையிலேயே இருக்க வேண்டும், அதற்குள் திருட்டுப் போனாலும் தீயில் போனாலும் பொறுப்பு அவர்களுடையது. கெடு தாண்டிவிட்டால் விற்று முழுப் பணத்தையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம், கடனுக்கு மேலே கிடைத்த மிச்சத்தை உங்களுக்குத் தர வேண்டியதில்லை. ஆகவே தேவைக்கு மேல் பெறுமான நகையை வைக்காதீர்கள், மெல்லிய வளையல் போதுமானால் கனமானதை வீட்டில் விடுங்கள்.

கடைசி நாளன்று கடை மூடும் வரைக்கும் பணத்தை நீட்டி நகையைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்டும் நகை இல்லை என்றால், அதன் சந்தை மதிப்பில் உங்கள் கடனைக் கழித்துக்கொண்டு மீதியை அவர்கள் தந்தாக வேண்டும். அதற்காகத்தான் சொல்கிறேன், வைப்பதற்கு முன்னால் வளையலை எடையோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சீட்டையும் படம் எடுத்து மனைவியின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். தகராறு வந்தால் மிட்ராண்டில் இருக்கிற நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டரிடம் புகார் கொடுக்கலாம், அவர்களும் முதலில் அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள்.