மின் மைட்டர் ரம்பம்: கேள்வி பதில்

கதவு, சன்னல் செய்யும் பட்டறையில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்பவன் என்ற முறையில், மைட்டர் ரம்பத்தைப் பற்றி, அதாவது சுழலும் வட்ட பிளேடை மேலிருந்து இறக்கி மரத்தைக் குறுக்கிலும் சாய்கோணத்திலும் வெட்டும் மெஷினைப் பற்றி, நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் நேரில் பார்த்த விபத்துகள் பெரும்பாலானவற்றில் முதலில் அசைந்தது மரம்தான். அதைப் பிடித்திருந்த கை அதன் பின்னே போனது. ஆகவே என் பதில்களில் பலவும் மரத்தை அசையாமல் நிறுத்துவதைப் பற்றியே இருக்கும்.

கேள்வி: எட்டடி ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) ஒன்றைக் குறுக்கே வெட்டும்போது, பாதி வெட்டில் பிளேடு இறுகி, மரம் துள்ளி என் கையில் அடித்தது. மெஷின் புதியது. தவறு எங்கே, ஐயா?

பதில்: அந்த ரீப்பர் வளைந்திருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வளைந்த சட்டத்தின் உட்குழிந்த பக்கத்தை ஃபென்ஸில் (மேசையின் பின்புறம் மரத்தைச் சாய்க்க நிற்கும் தடுப்பு) சாய்த்தால், இரு முனைகள் மட்டும் ஃபென்ஸைத் தொடும். வெட்டு விழும் நடுப்பகுதியில் இடைவெளி இருக்கும். பிளேடின் அடிப்பகுதியில் பற்கள் நம்மிடமிருந்து ஃபென்ஸை நோக்கி ஓடுகின்றன. வெட்டு ஆழமாக ஆக, மரம் அந்த இடைவெளிக்குள் தள்ளப்பட்டு, வெட்டுவாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விப் பிடிக்கும். புடைத்த பக்கத்தை ஃபென்ஸில் வைத்து, வெட்டுக்கோட்டுக்கு நேரே மரம் ஃபென்ஸைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது வெட்டுவாய் விரியுமே தவிர மூடாது.

நீளமான மரத்தின் இரு முனைகளுக்கும் மேசையின் மட்டத்திலேயே தாங்கல் கொடுக்க வேண்டும். தாங்கல் உயரமாக இருந்தால் நடுப்பகுதி மேசையில் படியாமல் நின்று, வெட்டும்போது தொய்ந்து பிளேடை இறுக்கும். தாழ்வாக இருந்தால் முனையின் எடை மரத்தைக் கவிழ்க்கும். சுவிட்சைப் போடுவதற்கு முன், வெட்டுக்கோட்டின் இரு புறமும் கையால் அழுத்தி, மரம் ஆடுகிறதா என்று பாருங்கள். பிளேடு எப்போதாவது இறுகிவிட்டால், மேலே தூக்கப் போராடாமல் டிரிகரை விட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகே மரத்தை விடுவியுங்கள்.

கேள்வி: ஸ்லைடிங் வகை (பிளேடு முன்னும் பின்னும் நகரும்) மெஷினில் பிளேடை நம் பக்கம் இழுத்துக்கொண்டு வெட்டலாமா?

பதில்: கூடாது. சுழலும் பிளேடை மரத்தில் பதித்து இழுத்தால், பற்கள் மரத்தைப் பற்றி ஏறி, மோட்டாரும் பிளேடும் உள்ள தலைப்பகுதி முழுவதும் உங்களை நோக்கிப் பாய்ந்து வரும். அந்த வேகத்தை எந்தக் கையாலும் தடுக்க முடியாது. தலைப்பகுதியை மரத்துக்கு மேலாக முன்னே கொண்டுவந்து, டிரிகரை அழுத்தி, பிளேடு முழு வேகத்தை எட்டிய பிறகு கீழே இறக்கி, ஃபென்ஸை நோக்கித் தள்ளி வெட்டுங்கள். அகலம் குறைந்த மரத்துக்கு ஸ்லைடைப் பூட்டிவிட்டு, நேராகக் கீழே இறக்கி வெட்டினாலே போதும்.

கேள்வி: இரண்டு அங்குலப் பீடிங் (ஓரத்தில் பதிக்கும் மெல்லிய மரப்பட்டை) துண்டுகள் நிறைய வேண்டும். விரலால் பிடித்துத்தான் வெட்டுகிறேன். வேறு வழி உண்டா, அண்ணா?

பதில்: அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள், தம்பி. பிளேடிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்துக்குள் கை வரவே கூடாது. இந்தத் தூரத்தைக் காக்க முடியாத துண்டைக் கையால் பிடிக்கவே கூடாது. நீளமான பீடிங்கை எடுத்து, நீளப் பகுதியை கிளாம்ப் போட்டு இறுக்கி, வேண்டிய சிறு துண்டு மறுபுறம் தனியாக விழும்படி வெட்டுங்கள். அளவுக்காகத் தடுப்புக் கட்டை வைப்பதானால், கிளாம்ப் போட்ட பக்கத்தில் மட்டும் வையுங்கள். விழும் துண்டு பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவே சிக்கினால் தெறித்து முகத்துக்கு வரும். ஃபென்ஸின் முன்னால் ஒரு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பட்டையைத் திருகி, அதையும் சேர்த்து ஒருமுறை வெட்டிவிட்டால், சிறு துண்டுகள் பின்னால் உள்ள இடைவெளியில் புகுந்து பறக்காது. இடக்கைப் பக்கம் இருக்கும் மரத்தை வலக்கையால் பிடிக்கக் கைகளைக் குறுக்கே போடுவதும் அதே அளவு ஆபத்து.

கேள்வி: வெட்டி முடித்ததும் பிளேடை உடனே மேலே தூக்கிவிடலாம்தானே?

பதில்: வேண்டாம். டிரிகரை விட்டுவிட்டு, தலைப்பகுதியைக் கீழேயே பிடித்திருந்து, பிளேடு முழுவதும் நின்ற பிறகு தூக்குங்கள். சுழலும் பிளேடு மேலே வரும்போதுதான் வெட்டுப்பட்ட துண்டைப் பற்றித் தூக்கி எறிகிறது. பிளேடு நிற்கச் சில நொடிகளே ஆகும்.

கேள்வி: கீழ்க் கார்டு (பிளேடை மூடும் பாதுகாப்பு உறை) பார்வையை மறைக்கிறது என்று எங்கள் ஆட்கள் அதைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பதில்: அந்தக் கம்பியை இப்போதே அறுத்துப் போடுங்கள். என்னிடம் வேலை கற்ற ஒரு இளைஞர் இப்படிக் கட்டிய மெஷினில்தான் ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தார். அப்போது அவர் வெட்டிக்கொண்டிருக்கவில்லை, டிரிகரை விட்ட பின் துண்டை எடுக்கக் கையை நீட்டினார். அந்தக் கம்பியை நான் முன்பே கவனித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. பார்வை மறைவதற்குக் காரணம் கார்டில் படிந்த தூசியும் பிசினும்தான். பிளக்கைப் பிடுங்கி, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் தெளிவாகிவிடும்.

கேள்வி: கையுறை போடலாமா?

பதில்: பிளேடு சுழலும்போது கூடாது, நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும், பிளேடு மாற்றும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தோளில் தொங்கும் துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டை ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் ஆகிய மூன்றும் கட்டாயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கைக்குட்டையை மூக்கில் கட்டுவது அந்த நுண்தூசிக்குப் போதாது, என்95 தரக் கவசம் வேண்டும்.

கேள்வி: வீட்டில் 6 ஆம்பியர் பிளக்கில் போட்டால் வயர் சூடாகிறது.

பதில்: பத்து அங்குல மெஷின்கள் பல 1600 முதல் 2000 வாட் வரை எடுக்கும், 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 7 முதல் 9 ஆம்பியர். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். நீட்டிப்பு வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். சுருளை முழுவதும் பிரித்துவிட்டே பயன்படுத்துங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாத இணைப்பில் இந்த மெஷினை இயக்காதீர்கள்.

கேள்வி: இதிலேயே வெட்டுச்சக்கரம் மாட்டி இரும்புக் குழாய் வெட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. தூசிப் பையிலும் மெஷினின் உடலுக்குள்ளும் மரத்தூள் இருக்கிறது. தீப்பொறி ஒன்று அதில் விழுந்தால், வெளியே தெரியாமல் புகைந்து, நீங்கள் பட்டறையைப் பூட்டிச் சென்ற பிறகு தீப்பிடிக்கலாம். சக்கரத்துக்கு விதித்த உச்ச வேகத்தை இந்த மெஷின் தாண்டினால், சக்கரம் உடைந்து சிதறும். இரும்புக்கு அதற்கென்று உள்ள கட்-ஆஃப் மெஷினையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: சவுக்குக் கட்டையை எப்படி வெட்டுவது?

பதில்: உருண்டையான கட்டை பிளேடு பட்டதும் உருளும். இரண்டு சரிவான பட்டைகளைச் சேர்த்து வி வடிவத் தொட்டில் செய்து, அதை மேசையில் பொருத்தி, கட்டையை அதில் கிடத்தி கிளாம்ப் போட்டு வெட்டுங்கள்.

கேள்வி: இத்தனை கவனத்துக்குப் பிறகும் விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்வது?

பதில்: சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108 எண்ணை அழையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் கட்டி, அந்த உறையைப் பனிக்கட்டி போட்ட நீரில் வையுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது, பட்டால் திசு கெட்டுவிடும். மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க நேரும் என்பதால், காயம்பட்டவருக்கு உண்ணவோ குடிக்கவோ எதுவும் தராதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே பிரிவு உண்டு. உங்கள் ஊருக்கு அருகே அத்தகைய வசதி எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து, தொலைபேசி எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். விபத்து நடந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து, அந்த உறையோடு மருத்துவரிடம் கொடுத்தனுப்புங்கள்.