சொத்தையே இல்லாத பல்லுக்கு எதற்கு சீலன்ட்?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லில் சீலன்ட் போடச் சொல்கிறார் டாக்டர். சொத்தையே இல்லையே! இதுவும் ஃபில்லிங்தானா? – வாசகி, திருச்சி

பதில்: இல்லை. ஃபில்லிங் என்பது சொத்தையைச் சுரண்டி எடுத்துக் குழியை அடைப்பது. சீலன்ட், சொத்தை வருமுன் பல்லின் மேல் பள்ளங்களை மூடுவது. துளையிடுவதில்லை, ஊசியும் இல்லை. 6 வயதையொட்டி முளைக்கும் இந்தக் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். பால்பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்! அதன் குறுகிய பள்ளங்களில் பிரஷ் நார் நுழையாது.

பல்லைச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15–30 விநாடி வைத்து, கழுவி உலர்த்துவார்கள். பல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி வெளுக்க வேண்டும். பிறகு சீலன்ட் பிசினைப் பள்ளங்களில் ஊற்றி, நீல ஒளியை 20 விநாடி காட்டினால் இறுகிவிடும். நடுவில் எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. சீக்கிரம் பெயர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். பட்டுவிட்டால் அமிலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஈறு இன்னும் பாதிப் பல்லை மூடியிருந்தால், ஈரத்தைச் சற்றுத் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளைத் தற்காலிகமாகப் போடலாம்.

6 மாதத்துக்கு ஒருமுறை ஓரம் பெயர்ந்திருக்கிறதா என்று காட்டுங்கள். பல் இடுக்குகளை சீலன்ட் காக்காது. அதற்கு ஃப்ளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு, காலையிலும் படுக்கப் போகுமுன்னும்.