வயதுக்கு வந்த நேரத்தில் ஊரும் மாறினால்: பினாங்குக்குப் புதிதாக வந்த ஒரு தாய்க்கு என் பதில்

வணக்கம் சகோதரி,

நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்து 4 மாதம் ஆகிறது. 12 வயது மகள் இங்கே வந்த சில வாரங்களிலேயே பெரியவளாகிவிட்டாள். அங்கே வகுப்பில் முதலாக வந்தவள், இப்போது பன்னாட்டுப் பள்ளியில் வாயே திறப்பதில்லை. நீச்சல் வகுப்பு இருக்கும் நாளில் வயிற்றுவலி என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். 14 வயது மகனோ எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். "இந்த ஊர் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? மகளை மட்டும் என் அம்மாவிடம் அனுப்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். திருச்சியிலேயே இருந்திருந்தாலும் இதில் பாதி நடந்திருக்கும். உடம்பு மாறுகிற பருவமும் பள்ளி, மொழி, வீடு, தோழிகள் எல்லாம் மாறுகிற காலமும் ஒரே சமயத்தில் வந்ததுதான் இங்கே கஷ்டம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பள்ளிப் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ராபர்ட்டா சிம்மன்ஸ், டேல் பிளைத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட முடிவும் இதைத்தான் சொல்கிறது. பூப்பெய்துவது, பள்ளி மாறுவது, வீடு மாறுவது போன்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் பிள்ளைகள் சமாளித்துக்கொள்கிறார்கள். ஒரே சமயத்தில் எத்தனை மாற்றம் சேர்கிறதோ, அந்த அளவுக்குத் தன்னம்பிக்கையும் மதிப்பெண்ணும் இறங்குகின்றன. பெண் பிள்ளைகளிடம் தன்னம்பிக்கை இறங்குவது இன்னும் அதிகம். எல்லாமே மாறும்போதும் மாறாத ஏதாவது ஓர் இடம் பிள்ளைக்கு வேண்டும் என்பது சிம்மன்ஸின் கருத்து. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது: இங்கே வந்ததும் எதையெல்லாம் நிறுத்தினீர்கள்? மகள் 5 வருடம் பரதம் கற்றாள், "முதலில் படிப்பு நிலைக்கட்டும்" என்று விட்டுவிட்டோம் என ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்கு உறுத்தியது. புதிதாக டியூஷன் எதையும் சேர்ப்பதற்கு முன்னால் நாட்டிய வகுப்பைத் தேடுங்கள். பினாங்கில் பரதம் சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் குறையில்லை. கோயில் பக்கமோ லிட்டில் இந்தியாவிலோ நாலு தமிழ்ப் பெண்களிடம் விசாரித்தாலே தெரிந்துவிடும். பள்ளியில் அவள் ஆங்கில உச்சரிப்புக்குத் தயங்குகிற புதுப் பெண். நாட்டிய வகுப்பில் முதல் நாளே அடவு தெரிந்தவள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது அவள் தெரிந்தவளாக நிற்க வேண்டும்.

அடுத்தது தூக்கம். பெற்றோர் பலர் கவனிக்காத விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பே இரவில் தள்ளிப்போகிறது. சின்ன வயதில் 9 மணிக்குக் கண் சொக்கிய பிள்ளைக்கு இப்போது 11 ஆனாலும் தூக்கம் வராது. சோம்பலோ திமிரோ இதற்குக் காரணமில்லை, உடம்பின் கடிகாரம் அப்படி மாறுகிறது. ஆனால் தேவை குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், இந்த வயதினரின் பள்ளியைக் காலை 8:30-க்கு முன் தொடங்காதீர்கள் என்றே அறிவுறுத்தியது. இங்கோ பல பள்ளிகளில் ஏழரை மணிக்கெல்லாம் மணி அடித்துவிடுகிறார்கள். பள்ளிப் பேருந்து அதற்கும் வெகுநேரம் முன்னால் வந்து நிற்கும். 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. திருச்சியில் வெளிச்சத்தில் எழுந்து பழகிய பிள்ளை இங்கே கும்மிருட்டில் சீருடை மாட்டுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பழைய தோழிகள் வீட்டுப்பாடம், இரவுச் சாப்பாடு எல்லாம் முடித்துப் பேச உட்காரும் நேரம் அவர்களுக்கு எட்டரை. நமக்கு அப்போது 11 மணி. உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடு பேசுகிறாள் என்று பயந்து எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் திருச்சித் தோழிகளாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சைத் தடை செய்யாதீர்கள், அவளிடம் மிச்சமிருக்கும் பழைய உலகம் அது. நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சனி, ஞாயிறு பகலில் தாராளமாகப் பேசட்டும். வார நாட்களில் 10 மணிக்கு மேல் எல்லாருடைய கைப்பேசியும் கூடத்தில் இருக்கட்டும், உங்களுடையதும் கணவருடையதும் சேர்த்து. எரிந்து விழுகிற மகனுக்கும் இதிலேயே பாதிக் குணம் தெரியும்.

நீச்சல் வகுப்பு நாள் வயிற்றுவலிக்கு வருகிறேன். புதிதாக மாதவிலக்கு தொடங்கிய பெண், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உடை மாற்ற வேண்டும், நனைந்த உடையோடு பையன்கள் முன்னால் நிற்க வேண்டும். உள்ளுக்குள் எவ்வளவு கூசும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற எண்ணம் இருக்கும். புதிதாக வந்த பிள்ளையை வகுப்பு உண்மையாகவே பார்க்கும். ஆகவே "உன்னை யார் பார்க்கப்போகிறார்கள்" என்று சொல்லாதீர்கள், அவள் நம்பமாட்டாள். மலேசியாவில் இதற்கு ஒரு வசதி உண்டு. முஸ்லிம் பெண்கள் கையும் காலும் மூடிய நீச்சலுடை அணிவது இங்கே சாதாரணம், விளையாட்டுச் சாமான் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். நீளக் கை, நீளக் கால் வைத்த உடை ஒன்றை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி வாங்கிக்கொடுங்கள். தனியறையில் உடை மாற்ற முடியுமா, மாதவிலக்கு நாட்களில் காரணத்தை எல்லார் முன்னாலும் சொல்லாமல் கரையில் உட்கார முடியுமா என்று வகுப்பு ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பள்ளிக் கழிப்பறைகளை நம்பாதீர்கள். நாப்கின், உறைப் பை, ஈரத் துடைப்பான், மாற்று உள்ளாடை எல்லாம் வைத்த சின்னப் பை ஒன்று புத்தகப்பையில் எப்போதும் இருக்கட்டும். பினாங்குப் புழுக்கத்தில் உடம்பு நாற்றமும் புதுக் கவலையாகிவிடும். அக்குள் வியர்வைக்கு வாசம் வருவதே இந்த வயதில்தான் தொடங்குகிறது. டியோடரண்ட் வாங்கிக்கொடுத்து எப்படிப் பயன்படுத்துவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வகுப்பில் எவளாவது மூக்கைப் பிடித்துச் சொல்வதை விட அது எவ்வளவோ மேல்.

மஞ்சள் நீராட்டு விழாவை டிசம்பர் விடுமுறையில் திருச்சியில் பெரிதாகச் செய்யச் சொல்லி மாமியார் வற்புறுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பல தலைமுறையாக இருக்கும் மலேசியத் தமிழர்களும் சடங்கு செய்கிறார்கள், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் மகளைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். வேண்டாம் என்றால் வீட்டளவில் தலைக்கு ஊற்றி, தாய்மாமன் சீரைப் பெட்டியில் அனுப்பச் சொல்லி நிறைவாக முடித்துவிடலாம். வேண்டும் என்றால் சந்தோஷமாகச் செய்யுங்கள், அத்தைகளும் சித்திகளும் சுற்றி நிற்பது அவளுக்கு உரமாகவும் இருக்கும். எப்படிச் செய்தாலும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், தன் உடம்பின் செய்தி ஊர்ச் செய்தியாகிவிட்டதென்று அவள் குமைந்துபோவாள். உளுந்தங்களி, நல்லெண்ணெய் முட்டை எல்லாம் கொடுங்கள். லிட்டில் இந்தியாவில் லெபு பினாங்கு தெருவின் மளிகைக் கடைகளில் கறுப்பு உளுந்து, கருப்பட்டி கிடைக்கும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பெண் வயதுக்கு வந்ததும் கீழே விளையாடப் போகாதே, பையன்களோடு பேசாதே என்று கட்டுப்பாடுகளை அடுக்குவது. இருக்கிற ஊரிலேயே அது தவறு. புது நாட்டில் நண்பர்களை இனிமேல்தான் தேட வேண்டும் என்ற நிலையில் இருக்கிற பெண்ணுக்கு அது கொடுமை. குடியிருப்பின் பூப்பந்துத் திடலுக்கு அவள் போகட்டும். உங்கள் பயத்தை அவளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், எந்தத் தொடுதலுக்கும் பேச்சுக்கும் மறுக்கும் உரிமை தனக்கு உண்டென்று அவளுக்குத் தெரியட்டும்.

மகனைப் பற்றி நீங்கள் எழுதியது மூன்றே வரி. அவனுக்கும் நடப்பது அதே பருவம்தான், ஆண் பிள்ளைகளுக்குச் சற்றுத் தாமதமாக வரும். வகுப்பில் மற்றவர்கள் மளமளவென்று வளர்ந்து நிற்க, அவன் இன்னும் சிறியவனாக இருக்கிறான். குரலும் உடையத் தொடங்கியிருக்கிறது என்கிறீர்கள். ஏற்கெனவே உச்சரிப்புக்குக் கூசுகிறவனுக்கு நடுவில் குரல் கீச்சிட்டால் எப்படி இருக்கும்? கையைத் தூக்கவே மாட்டான். ஆசிரியர் அதைப் பாடம் தெரியாததாக எடுத்துக்கொள்வார். அவனுக்கு விடை தெரியும், எழுத்தில் கேட்டுப் பாருங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். கணவரிடம் ஒரு வேண்டுகோள்: தனக்குக் குரல் மாறிய காலத்தை, கேலிக்கு ஆளானதை மகனிடம் ஒரு நாள் பேசட்டும். இரவுக் கனவில் விந்து வெளியேறுவது இயல்பு என்பதையும் அப்பாவே சொல்லிவிட்டால், பையன் கண்ட கண்ட காணொளிகளில் தேடிக்கொண்டிருக்க மாட்டான்.

ஒரு வருடம் இறக்கிச் சேர்க்கச் சொல்லிப் பள்ளி கேட்டால் படிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெதுவாக வளர்கிற மகனுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். முன்கூட்டியே வளர்ந்துவிட்ட பெண் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவில் இன்னும் தனியாகத் தெரிவாள்.

உள்ளூர்த் தமிழ் அம்மாக்களோடு பழகுங்கள். அவர்கள் பிள்ளைகள் பலர் தமிழ்ப்பள்ளியில் 6 வருடம் படித்துவிட்டு, 13 வயதில் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். மலாய் போதாதவர்கள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டுத்தான் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் 1-க்குப் போவார்கள். பருவ வயதும் பள்ளி மாற்றமும் மொழி மாற்றமும் ஒன்றாக வருவது அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. உங்கள் நிலைமையை அவர்களுக்கு விளக்கவே வேண்டியிருக்காது.

மருத்துவரிடம் எப்போது போவது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வருடம் மாதவிலக்கு முன்பின்னாக வருவது சகஜம். 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ காட்டுங்கள். அப்போது இரும்புச்சத்தும் குறைந்திருக்கலாம், அந்தச் சோர்வு வகுப்பில் மந்தமாகத்தான் தெரியும். மகனுக்கு 14 முடிந்தும் பருவ மாற்றம் எதுவுமே தொடங்காமல் இருந்தால் பார்க்க வேண்டும். குரல் உடைகிறது என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் வாட்டம், சாப்பாட்டிலும் பிடித்த விஷயத்திலும் நாட்டமின்மை, உயிர் வெறுத்த பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசகரையும் மருத்துவரையும் உடனே பாருங்கள். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

மகளைத் திருச்சிக்கு அனுப்புவதா? இப்போது வேண்டாம் என்பேன். திரும்பிப் போவது அவளுக்கு இன்னொரு மாற்றம். இந்த முறை அம்மாவும் அப்பாவும் அண்ணனும் இல்லாமல். தான் தோற்றுப்போனதால்தான் அனுப்பினார்கள் என்று அவள் எண்ணிக்கொள்ளவும் கூடும். இந்தக் கல்வியாண்டு முடியட்டும். அதற்குள் நாட்டிய வகுப்பு தொடங்கி, தூக்கம் சீராகி, நீச்சல் பிரச்சினையும் தீர்ந்திருந்தால் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழாது. அதன் பிறகும் போக வேண்டும் என்று அவளே கேட்டால் உட்கார்ந்து பேசுங்கள், பாட்டியையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் பரதத்தில் எந்தப் பாணி, எதுவரை கற்றிருக்கிறாள் என்று எழுதினால், பாயான் பாரு பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆசிரியைகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.